கை நனைக்கும் முன்

எங்கள் வீட்டுக்காரருக்கு அபிப்பிராயம் இல்லாத சாமான் இன்னும் உலகத்தில் செய்யப்படவில்லை. புதிதாக எது வந்தாலும், அது மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவதற்கு முன்பே அதைப் பற்றி ஒரு முடிவு கட்டி வைத்திருப்பார். பெயர் மாதையன். தொழில் தக்காளி மண்டி. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரிடம் வருவது தக்காளி விலை கேட்க அல்ல, அவர் பேச்சைக் கேட்கத்தான். காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

முள் இல்லாமல் எண் மட்டும் காட்டுகிற வாட்ச் வந்த புதிதில், அது வரப்பு இல்லாத நிலம் மாதிரி, எவ்வளவு போயிற்று, எவ்வளவு பாக்கி என்று கண்ணுக்குத் தெரியாது என்றார். டீ.வி. வந்தபோது, நம் ஊரில் ஏரியல் கம்பத்தை எவ்வளவு உயரம் தூக்கினாலும் பெங்களூர்க் கன்னடம்தான் வரும், அதுவும் மழையில் நனைந்துகொண்டு வரும், கன்னடம் கேட்க வேண்டுமானால் சந்தைக்குப் போனால் போதாதா என்றார். ரயில் நல்லது, பஸ் கெட்டது. ரயிலுக்கு வழி தெரியும், பஸ்ஸுக்கு டிரைவருக்குத் தெரிந்த வழிதான் தெரியும் என்பது அவர் கட்சி. ஆனால் அவசரம் என்றால் பஸ்ஸில்தான் ஏறுவார். பெங்களூரில் பெரிய உத்தியோகக்காரர்கள் காசே கொடுக்காமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் காட்டிச் சாமான் வாங்குகிறார்கள் என்று யாரோ பேப்பரில் படித்துச் சொன்னார்கள். முகத்தைக் காட்டினாலே நம்பாத ஊர், அட்டையைக் காட்டினால் நம்புமா என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க அதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வாய்தான். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருத்தி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் அவள் பெயர் செல்லம்மாள். நான்தான்.

பாலக்கோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தாவூது பாய் எங்களுக்கு ரொம்ப நாளாகப் பழக்கம். கடையில் மின்சாரச் சாமான்களும் வைத்து, தவணையில் கொடுக்க ஆரம்பித்திருந்தார். சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். கூடவே ஒரு மஞ்சள் கார்டு தருவார், மாதாமாதம் கட்டக் கட்ட அதில் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் ஒரு மிக்சியை எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்து, தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு ஓட்டிக் காட்டினார். நான் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வருவதற்குள் சட்னி ஆகிவிட்டது. என் மகள் தீர்த்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். சட்னி செத்துப்போய்விட்டது என்றார். கல்லில் அரைத்தால் தேங்காய் நசுங்கும், நசுங்கினால் பால் விடும். இதில் தேங்காய் வெட்டுப்படுகிறது, வெட்டினால் கோபம்தான் விடும் என்றார். தாவூது பாய் வயரைச் சுற்றிக்கொண்டே, அண்ணன் மனது மாறினால் சொல்லுங்கள் அக்கா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மனது மாறுவதாவது! மறுநாள் அந்தத் தேங்காயின் கோபம் மண்டி முழுக்கப் பேச்சாயிற்று. சாயங்காலம் அது தக்காளிக் கூடைகளோடு லாரியில் ஏறிப் பெங்களூருக்கும் போயிற்று.

லாரி ஓட்டுகிறவன் சவுரியப்பன். எங்கள் மண்டித் தக்காளியைக் கலாசிபாளையம் மார்க்கெட்டில் சென்றாயன் என்பவரிடம் இறக்குவான். சென்றாயனும் பாலக்கோட்டுப் பக்கத்து ஆள்தான். பெங்களூர் போய்க் குடியேறி முப்பது வருஷம் இருக்கும். இங்கே இவர் சொன்னதை அங்கே சொல்வதும், அங்கே அவர் சொன்னதை இங்கே சொல்வதும் சவுரியப்பனுக்கு வழிச் செலவு இல்லாத வேலை. இப்படியே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரு வருஷமாக அபிப்பிராயம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தேங்காயின் கோபத்துக்குச் சென்றாயனிடமிருந்து வந்த பதில் இது: மாதையண்ணன் தங்கம். பெங்களூர் நடுவில் இருந்தாலும் என் வீட்டுக்குள் ஒரு மிஷின் நுழைந்ததில்லை, மிக்சி இல்லை, கிரைண்டர் இல்லை, பதினாலு பேருக்கும் கல்லில் அரைத்த சாப்பாடுதான் என்று சொல்லச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் லாரியில் வந்தது சம்பந்தம்.

சென்றாயனின் இரண்டாவது மகன் முனிராஜு அங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறான். எட்டு மணி நேரம் மிஷினோடு நின்றுவிட்டு மிஷினே இல்லாத வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை. அவனும் அவன் அம்மா ராமக்காளும் சொந்தக்காரர்கள் சிலரும் பெண் பார்க்க வந்தார்கள். மார்க்கெட் வேலையால் சென்றாயன் வரவில்லை. பையன் அதிகம் பேசவில்லை. காபி குடித்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். எங்கள் வீட்டில் ஆம்பிளை குடித்த டம்ளர் அதுவரை தானாக நடந்து தொட்டிக்குப் போனதில்லை. நான் தீர்த்தாவைப் பார்த்தேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமக்காள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். எங்கள் வீட்டில் பெரிய மருமகள் நஞ்சம்மாள் இருக்கிறாள், அவளுக்கு ஒரு துணை வேண்டும், ஒரே ஆளாக அரைத்து ஓயவில்லை என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். அது தீர்த்தாவின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு சாயங்காலம் அவள் எனக்குத் தலை சீவிவிட உட்கார்ந்தாள். இதைச் சொல்ல வேண்டும். என் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. விழுந்ததும் இல்லை, அடிபட்டதும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆட்டுக்கல்லும் அம்மியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறுகி ஒருநாள் சீப்பை உச்சிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவள் ஏழாவது படித்த வருஷம் அது. அன்று சீப்பை வாங்கிக்கொண்டவள், இன்றுவரை அவள்தான் எனக்குச் சீவி, பின்னி, கொண்டை போட்டுவிடுகிறாள். இவரிடம் இதைச் சொல்லவில்லையா என்றால், சொல்ல என்ன இருக்கிறது? எதிரில்தானே நடக்கிறது.

"அம்மா, மாப்பிள்ளை எனக்குப் பிடிச்சிருக்குது" என்றாள் பின்னாலிருந்து. கொஞ்ச நேரம் சிக்கெடுத்தாள். "உன் தலைய நான் சீவுறேன். அந்த வூட்டுக்குப் போனா என் தலைய யாரும்மா சீவுவா?"

இந்தப் பையனை விட்டால் இவள் மனதுக்குப் பிடித்த இன்னொருவன் வருவான் என்று என்ன நிச்சயம்? அந்த வீட்டுக்கு அனுப்பினால் இவள் தோளும் என் தோள்தான். அப்பாவிடம் நீ பேசு என்றாள். அப்பாவிடம் நான் மட்டுமா, நாடே பேசியிருக்கிறது. யார் பேச்சை அவர் கேட்டிருக்கிறார்? ஆனாலும் ஒரு வார்த்தை கொடுத்தேன். இதற்கு ஒரு வழி பண்ணாமல் அப்பாவை அங்கே கை நனைக்க விடமாட்டேன் என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பையன் வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் போவார்கள். அங்கே உட்காரலாம், பேசலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் இலையில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு கிடையாது, மூக்கால் அழுதாலும் கிடையாது. மனதில் ஏதாவது இருந்தால் இலை முன்னால் உட்காருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பெங்களூருக்கு நானும் இவரும், பெண்ணுக்குத் தாய்மாமன் என்கிற முறையில் என் அண்ணனும் புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ். ராயக்கோட்டை தாண்டும்வரை இவர் பஸ்ஸில் டேப் போடுவதைப் பற்றிப் பேசினார். பாட்டைப் பிரயாணிகள் கேட்கவா போடுகிறான், இன்ஜின் இருமுவது கேட்கக்கூடாதென்று போடுகிறான் என்றார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அது போதும் இவருக்கு, ஓசூர்வரை தாங்கும்.

ஓசூரில் பஸ் நின்றபோது நான் ஆரம்பித்தேன். அந்த வீட்டில் பதினாலு பேர், இட்லி மாவிலிருந்து குழம்பு மசாலாவரை கையால்தான் அரைக்க வேண்டும், நம் பெண்ணுக்கு அது ஆகுமா என்று யோசித்தீர்களா என்றேன். அரைத்தால் உடம்புக்கு நல்லது, அந்தக் காலத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்களா என்றார். நான் அந்தக் காலத்துப் பெண்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். இவர் தொழிற்சாலைகளைப் பார்த்து அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் இல்லை, சலிப்பு. கோபப்பட்டிருந்தால் ஏதாவது நடந்திருக்கும்.

கலாசிபாளையத்தில் முனிராஜு வந்து காத்திருந்தான். மாடி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். மேலே ஏறலாம், நன்றாகத் தெரியும் என்றான். இவர், வீட்டுக்குத்தான் மாடி வேண்டும், வண்டிக்கு எதற்கு, குடைசாய்ந்தால் மேலே இருக்கிறவன் முதலில் விழுவான் என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்வரை வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்தார். சிவப்பு விளக்குக்கு நூறு வண்டி நிற்பதையும், பச்சைக்கு எல்லாம் ஒரே சமயத்தில் பாய்வதையும் பார்த்துக் குழந்தை மாதிரி என் கையைத் தட்டிக் காட்டினார். இந்த மனிதரோடு எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அலுக்காது என்று அந்த நேரத்தில் தோன்றியது. அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீராமபுரத்தில் சந்துக்குள் சந்து, அதற்குள் அவர்கள் வீடு. நீளமான வீடு, முன்னால் கூடம், கடைசியில் சமையல்கட்டு, அதற்குப் பின்னால் சின்ன முற்றம். சென்றாயன் வாசலுக்கே ஓடிவந்து இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாங்க சம்பந்தி என்றார், எடுத்த எடுப்பிலேயே. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மிக்சி மோசம் என்றார் இவர். மோசம் என்றார் அவர். ஸ்கூட்டர் ஆபத்து என்றார் அவர். ஆபத்து என்றார் இவர். அட்டையைக் காட்டிச் சாமான் வாங்குகிற கதை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் பேச்சு நின்றுபோயிற்று. ஒரே அபிப்பிராயம் உள்ள இரண்டு பேருக்குப் பேச என்ன இருக்கிறது? என் அண்ணன், வடை வாசனை வருகிறதே என்றார்.

நான் உள்ளே போனேன். ராமக்காள் அடுப்படியில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஆட்டுக்கல் முன்னால் ஒருத்தி உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பெரிய மருமகள் நஞ்சம்மாள். முப்பது வயதுகூட இருக்காது. அங்கிருந்தபடியே வாங்கக்கா என்று சிரித்தாள். கை நிற்கவில்லை.

டிபனுக்கு இலை போட்டாயிற்று என்று முன்னால் குரல் கேட்டது. கை கால் கழுவ இவர் முற்றத்துக்கு வந்தார். தொட்டியில் சொம்பை முக்கினார். அந்தச் சமயம் நஞ்சம்மாளின் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் சரிந்தது, கல்லில் விழப் பார்த்தது. அவள் கழுத்தைப் பின்னால் சாய்த்து, கையை எடுக்காமல், "அத்தே" என்று கூப்பிட்டாள். ராமக்காள் இட்லித் துணியை வைத்துவிட்டு வந்து, அவள் பின்னால் நின்று, முடியை அள்ளி முறுக்கிக் கொண்டை போட்டாள். இடது கையால்தான் போட்டாள். வலது கை இடுப்பளவில் முடியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் செய்கிற வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

இவர் சொம்பும் கையுமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கையில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் ராமக்காள். "கல்லு புடிச்ச கைங்க. மேல தூக்க வராது. எனக்கும் அப்படித்தான்." சொல்லிவிட்டு இட்லியைப் பார்க்கப் போய்விட்டாள்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை. என் தலையை, தீர்த்தா அன்று விடியற்காலையில் எழுந்து போட்டுவிட்ட கொண்டையைப் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. சந்தையில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துப் பணப்பையைக் காணாத ஆள் மாதிரி இருந்தது.

"தீர்த்தா உனக்குத் தல சீவறாளே" என்றார்.

"ஆமாங்க."

"பாசத்துல சீவறான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாசந்தாங்க" என்றேன். "கையும் வரலீங்க."

சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார். ஒரே காலில் ஊற்றினார். மறுகாலை நனைக்காமலே உள்ளே போனார். இத்தனை வருஷம் கேட்காத கேள்வி, கேட்டதே போதும் என்று ஒரு பக்கம் இருந்தது. இத்தனை வருஷமா என்று இன்னொரு பக்கம் இருந்தது.

கூடத்தில் வரிசையாக இலை. இவரை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் என் அண்ணன், ஒரு பக்கம் சென்றாயன். கேசரி, இட்லி, வடை, மேலே இப்போதுதான் கல்லிலிருந்து வழித்த சட்னி. நானும் ராமக்காளும் நிலைப்படி ஓரமாக நின்றோம். எல்லாரும் இவர் கையைப் பார்த்தார்கள். இவர் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடுங்கள் என்றார் சென்றாயன். சட்னியைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்றார்.

"எங்க வூட்ல மிக்சி வாங்கிட்டோமுங்க" என்றார் இவர். "பொண்ணு அதுலயே பழகிட்டா."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும், சிவந்திருந்தது. வடைக்குப் போன என் அண்ணன் கை பாதியில் நின்றது.

சென்றாயன் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு போயிற்று. மிக்சியில் அரைத்தால் சட்னி செத்துப்போகும் என்று சொன்னது நீங்கள்தானே, கலாசிபாளையம் முழுக்க நான் அதைச் சொல்லியிருக்கிறேனே என்றார்.

"சொன்னேனுங்க. அரைச்சது நானில்லீங்களே."

இவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் பேசினார். மிக்சியைச் சீராகவே கொண்டுவந்து இறக்குகிறேன், உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, என் பெண் அதில் அரைக்கட்டும், அதற்குச் சம்மதம் என்றால் கை நனைக்கிறேன் என்றார். சென்றாயன் முகம் கறுத்துவிட்டது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மிஷின் நுழையாத வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட மனிதர்; நாளை மார்க்கெட்டில் என்ன சொல்வார்? அதையே கேட்டார். என் பேச்சு என்ன ஆவது என்றார்.

"என் பேச்சும் மாரண்டஹள்ளி பூராத் தெரியுங்க. நாளைக்குச் சிரிப்பாங்க" என்றார் இவர். "சிரிச்சுட்டுப் போறாங்க."

நான் முனிராஜுவைப் பார்த்தேன். இவன் இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று என் மனதில் ஓடியது. அவன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வாய் திறந்தது ராமக்காள்தான். நிலைப்படியைத் தாண்டி வராமல், அங்கேயே நின்றுகொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்காரரிடம் பேசினாள்.

"சீர்ல வர்ற மிக்சி உங்க பொண்ணோடதா இருக்கும்ங்க. நஞ்சம்மாளுக்கு வேணாமா?"

முனிராஜு எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டான். அவன் தொழிற்சாலைக் கூட்டுறவு ஸ்டோரின் கார்டு அது. காட்டினால் சாமான் தருவார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஞாயிறு மத்தியானம்வரை ஸ்டோர் திறந்திருக்கும் என்று பிறகு சொன்னான். மூன்று வருஷமாக அந்தக் கார்டு அவனிடம் இருந்ததாம். அதில் இதுவரை ஒரு சோப்புகூட வாங்கியதில்லை. அப்பாவிடம் எடுத்துக்காட்டப் பயம்.

"போய்ட்டு வந்துடறேம்ப்பா" என்றான்.

சென்றாயன் வெகுநேரம் இலையையே பார்த்தார். சமையல்கட்டில் பிளக் இல்லையே, எங்கே மாட்டுவீர்கள் என்றார் கடைசியில். அந்த ஒரு கேள்வியில் அவர் இறங்கி வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பாவம், இறங்கப் படி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கூடத்தில் டேபிள் பேன் மாட்டுகிற பிளக் ஒன்று இருக்கிறது, இன்றைக்கு அங்கே வைத்துக்கொள்ளலாம், சமையல்கட்டுக்கு நானே வயர் இழுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு முனிராஜு கிளம்பினான்.

இலை போட்டது போட்டபடி இருந்தது. யாரும் எழுந்திருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. இட்லி ஆறிப்போயிற்று. என் அண்ணன் வடையோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது இவர் என் பக்கம் சாய்ந்து, திரும்பும்போது நம் ஊரைத் தாண்டி நேரே பாலக்கோட்டில் போய் இறங்க வேண்டும், தாவூது பாய் கடை மூடுவதற்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும் என்றார். இப்போது மட்டும் அது என்ன என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

ஆட்டோ சத்தம் கேட்டது. முனிராஜு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். கூடத்தின் நடுவில், இலைகளுக்கு எதிரில் அதை வைத்து மாட்டினான். நஞ்சம்மாளைக் கூப்பிட்டார்கள். ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு வந்து சட்னி அரைப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். முனிராஜு காட்டியபடி தேங்காய் போட்டு, உப்புப் போட்டு, மூடி மேல் கையை வைத்துக் குமிழைத் திருப்பினாள். அது போட்ட சத்தத்தில் பயந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தாள். எல்லா ஆம்பிளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்னி எங்கிருந்து வருகிறது என்பதை அந்த வீட்டு ஆம்பிளைகள் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள்.

பரிமாறினாள். இவர் கை நனைத்தார். ராமக்காள் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். சம்பந்தம் முடிந்தது. பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று என் கால் நிலைகொள்ளவில்லை.

சாப்பாடு முடிந்து ஆம்பிளைகள் முன்னால் நாள் பார்க்கிற பேச்சில் இருந்தார்கள். நான் கை கழுவ முற்றத்துக்குப் போனேன். நஞ்சம்மாள் ஆட்டுக்கல்லில் ஒட்டியிருந்ததைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். உங்கள் பெண்ணை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் அக்கா என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருந்தது.

"இவங்க என்னையப் பொண்ணு பாத்துட்டு வந்தப்பறம் எங்கப்பாவும் இந்த வூட்டுக்கு வந்தாருங்கக்கா" என்றாள். யாரையும் குறை சொல்கிற குரலே இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். "அதே எடத்துலதான் எலை போட்டாங்க. அத்தைதான் சட்னி அரைச்சாங்களாம். எங்கப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

சொம்பைத் தொட்டியில் வைத்துவிட்டு, சாப்பிட்ட இலைகளை எடுக்க உள்ளே போனாள்.